4 லட்சம் கோடி டிகிரி: எதை வைத்து அளந்தார்கள்?

2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் ஒரு செய்தி வெளியிட்டது. தங்க அணுக்கருக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு 4 லட்சம் கோடி டிகிரி செல்சியஸ் சூட்டை உண்டாக்கியிருக்கிறோம், சூரியனின் நடுப்பகுதியைவிட இரண்டரை லட்சம் மடங்கு அதிகம் என்று. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், பின்னர் கின்னஸ் புத்தகத்திலும் இடம். சரி, ஆனால் அந்த அறிவிப்போடு வந்த ஆய்வுக்கட்டுரையைத் திறந்து பார்த்தால் அதில் இருக்கும் எண் வேறு. 221 மெகா எலக்ட்ரான்வோல்ட் (இது ஆற்றலின் அலகு; துகள் இயற்பியலில் சூட்டையும் நிறையையும்கூட இதிலேயே சொல்வார்கள்), கூடக்குறைய 19 புள்ளிவிவரப் பிழை, அளவீட்டு முறையால் வரும் பிழை இன்னொரு 19. ஒரு மெகா எலக்ட்ரான்வோல்ட்டை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 1160 கோடி கெல்வின். பெருக்கிப் பாருங்கள், 2.6 லட்சம் கோடிதான் வருகிறது.

யாரும் பொய் சொல்லவில்லை. 221 என்பது அளந்தது. 4 லட்சம் கோடி என்பது, அந்த 221 வர வேண்டுமானால் ஆரம்பத்தில் எவ்வளவு சூடாக இருந்திருக்க வேண்டும் என்று கோட்பாட்டு மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டது. அந்த மாதிரிகள் தந்த விடையே 300 முதல் 600 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை பரந்து கிடந்தது. செய்தித் தலைப்பில் இதையெல்லாம் போட முடியாது, புரிகிறது. ஆனால் இந்தத் துறையின் சுவாரசியம் முழுக்க அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதலில் அங்கே நடப்பது என்ன? நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், அதே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருக்கும் ரிக் துகள் முடுக்கியில், 2000-ஆம் ஆண்டிலிருந்து, தங்க அணுக்கருக்கள் ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டி எதிரெதிராக வந்து மோதின. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் எல்ஹெச்சி முடுக்கியில் 2010 இறுதியிலிருந்து ஈய அணுக்கருக்கள். மோதும் இடத்தில் புரோட்டான், நியூட்ரான் என்ற அடையாளமெல்லாம் கரைந்து, அவற்றுக்குள் அடைபட்டிருந்த குவார்க்குகளும் அவற்றை ஒட்டிவைக்கும் குளுவான்களும் சிறிது நேரம் சேர்ந்து ஓடுகிற ஒரு திரவம் உண்டாகிறது. அதுதான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பெருவெடிப்புக்குப் பின் முதல் சில மைக்ரோ வினாடிகளில் பிரபஞ்சம் முழுக்க இருந்த பொருள். ஆய்வகத்தில் அதன் ஆயுள் 10⁻²² வினாடிக்கும் குறைவு, அகலம் ஒரு பெரிய அணுக்கருவின் அளவு. அதற்குள் தெர்மாமீட்டரை நுழைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பிளாஸ்மா விரிந்து ஆறி, வெப்பநிலை 156 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு இறங்கும்போது குவார்க்குகள் மறுபடி சேர்ந்து பயான், கேயான், புரோட்டான் என்ற துகள்களாக மாறிவிடும். (அந்த 156 என்பது கணினியில், குவார்க்குகளின் கோட்பாடான குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் சமன்பாடுகளைத் தீர்த்துக் கிடைத்த எண்.) கருவிகளில் வந்து விழும் ஆயிரக்கணக்கான துகள்களில் பெரும்பாலானவை இவைதான். பிரச்சினை என்னவென்றால், இவை குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையால் கட்டுண்டவை. கடைசி நொடி வரை ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசியாக இடித்துக்கொண்டபோது என்ன சூடு இருந்தது என்பது மட்டுமே இவற்றின் நினைவில் இருக்கும், அதற்கு முந்தைய கதை அழிந்துபோய்விடும்.

ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒளித்துகளான ஃபோட்டானுக்கு வலிய விசை தெரியாது, மின்காந்த விசை மட்டும்தான், அதன் வலிமையோ சுமார் 137-இல் ஒரு பங்கு. பிளாஸ்மாவின் நடுவில் பிறந்த ஒரு ஃபோட்டான் வேறெதிலும் மோதாமல் போகக்கூடிய சராசரித் தூரம் அந்தத் தீக்கோளத்தின் அளவைவிடப் பல மடங்கு அதிகம். பிறந்த கணத்தின் சூட்டைச் சுமந்துகொண்டு அப்படியே வெளியே வந்துவிடும். எட்வர்ட் ஷுரியாக் 1978-இல் எழுதிய, குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்ற பெயரையே பரப்பிய கட்டுரையிலேயே இந்த யோசனை இருக்கிறது: ஃபோட்டான்களையும் லெப்டான் (எலக்ட்ரானும் அதன் கனமான உறவான மியூவானும் போன்ற துகள்கள்) ஜோடிகளையும் பாருங்கள் என்று.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் பிரபல அறிவியல் கட்டுரைகளில்கூட இது அடிக்கடி குழம்பிவிடுகிறது. காய்ச்சிய இரும்பு சிவந்து ஒளிர்வதைப் போலத்தான் இதுவும் என்று எழுதிவிடுகிறார்கள். பாதிதான் சரி. இரும்போ சூரியனோ தன் ஒளியைத் தானே விழுங்கி மறுபடி உமிழ்ந்துகொண்டிருக்கும் பொருள். அதனால்தான் மேற்பரப்பிலிருந்து மட்டும், பிளாங்க் சொன்ன கரும்பொருள் வளைகோட்டின்படி ஒளி வருகிறது. சூரியனைப் பார்த்தால் அதன் நடுப்பகுதியின் ஒன்றரைக் கோடி டிகிரி நமக்குத் தெரிவதில்லை, மேற்பரப்பின் ஐயாயிரத்துச் சொச்சம்தான் தெரியும். குவார்க்-குளுவான் பிளாஸ்மா தன் ஒளிக்குக் கண்ணாடி மாதிரி ஊடுருவக்கூடியது. அது கரும்பொருளே அல்ல. ஃபோட்டான்கள் அங்கே வெப்பச் சமநிலைக்கு வருவதே இல்லை. அவற்றை உண்டாக்கும் குவார்க்குகளும் குளுவான்களும்தான் சமநிலையில் இருக்கின்றன: ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து ஃபோட்டானும் குளுவானும் ஆகும், அல்லது குவார்க்கில் மோதிய குளுவான் போய் அதன் இடத்தில் ஃபோட்டான் வரும். அந்தக் குவார்க்குகளின் ஆற்றல் பரவல் வெப்பநிலையால் தீர்மானிக்கப்படுவதால், அவை உண்டாக்கும் ஃபோட்டான்களின் ஆற்றல் பரவலிலும் அதே வெப்பநிலை முத்திரை விழுகிறது. ஆற்றல் கூடக்கூட ஃபோட்டான்களின் எண்ணிக்கை அடுக்குமுறையில் சரியும், எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதிலிருந்து வெப்பநிலை. அந்தச் சரிவின் தலைகீழ்தான் 221.

மேற்பரப்பு மட்டுமில்லாமல் முழுக் கொள்ளளவும் ஒளிர்கிறது என்பது பெரிய வசதி. அதே வசதிதான் பெரிய தலைவலியும். ஏனென்றால் தீக்கோளம் ஒரே சூட்டில் நிற்பதில்லை. நொடிக்கு நொடி ஆறிக்கொண்டு, விரிந்துகொண்டு, ஆறும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒளிர்ந்துகொண்டு இருக்கிறது; கருவியில் வந்து விழுவது இவை அத்தனையின் கூட்டல். ஒரு கடையின் ஒரு நாள் மொத்த வசூலை மட்டும் வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு கூட்டம் இருந்தது என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் வேலை. ஓர் அலகுக் கொள்ளளவு ஒளிரும் வேகம் ஏறத்தாழ வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது, ஆகவே ஆரம்பச் சூடுதான் ஜெயிக்கும் என்று முதலில் தோன்றும். ஆனால் ஆரம்பத்தில் கொள்ளளவு சிறியது, நேரமும் குறைவு. பின்னால் சூடு குறைவானாலும் இடமும் நேரமும் தாராளம். கணக்குப் போட்டால் மொத்த எண்ணிக்கையில் பின்கட்டம்தான் முந்திவிடுகிறது. ஆற்றல் மிக்க ஃபோட்டான்களை மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் ஆரம்பக் கட்டத்தின் குரல் கேட்கும்.

இதற்கெல்லாம் முன்னால், அந்த ஃபோட்டான்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மோதலில் பிறக்கும் பயான்களில் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் இல்லாத பயான். அது சுமார் 8.5 × 10⁻¹⁷ வினாடியில் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்துவிடும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் தீக்கோளத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் ஒரு யுகம்; எல்லாம் முடிந்து வெகு நேரம் கழித்து, வெகு தூரம் தள்ளிப் போய்ச் சிதைகிறது. ஈட்டா மீசான் என்ற இன்னொரு துகளும் இதே வேலையைச் செய்யும். கருவியில் விழும் ஃபோட்டான்களில் பெரும்பகுதி இப்படி வந்தவை. வெப்பக் கதிர்வீச்சுக்கு உரிய ஆற்றல் பகுதியில், இப்படிச் சிதைவில் வராமல் மிச்சமாகத் தெரியும் நேரடி ஃபோட்டான்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது தேறினால் அதிகம். அந்தப் பத்தை நம்ப வேண்டுமானால் தொண்ணூறைத் துல்லியமாக அளந்து கழிக்க வேண்டும். தொண்ணூறில் சில சதவீதம் தவறினால் பத்து என்பது பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ மாறிவிடும். இந்தத் துறையில் பிழைப்பட்டைகள் ஏன் அவ்வளவு தடிமன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

செர்னில் டபிள்யூஏ98 என்ற குழு ஈயம்-ஈயம் மோதலில் நேரடி ஃபோட்டான்கள் இருக்கின்றன என்று 2000-இல் முதன்முதலாகக் காட்டியது. அந்தக் குழுவில் ஃபோட்டான்களை எண்ணும் ஒரு பெரிய கருவியைக் கட்டியவர்கள் கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தினர். அந்த மையத்தை நடத்திய பிகாஷ் சின்ஹாவும், அவருடன் தினேஷ் ஸ்ரீவஸ்தவாவும் வெப்ப ஃபோட்டான்களின் கோட்பாட்டிலேயே ஆரம்ப காலத்திலிருந்து உழைத்தவர்கள். இந்தியாவில் கருவி செய்பவர்களும் கோட்பாடு எழுதுபவர்களும் ஒரே கூரையின்கீழ் உலகத்தோடு சரிக்குச் சரி நின்ற துறைகள் எத்தனை? இது ஒன்று. ஆனால் இதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

ரிக்கின் பீனிக்ஸ் குழு செய்த தந்திரம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் அழகான பகுதி. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை நேரடியாக அளந்தால் பயான் இரைச்சலில் எல்லாம் மூழ்கிவிடும். ஆனால் உண்மை ஃபோட்டானை உமிழும் எந்தச் செயலும், எப்போதாவது ஒருமுறை, கொஞ்சம் நிறையுள்ள ஒரு மெய்நிகர் ஃபோட்டானை உமிழும்; அது உடனே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகிவிடும். பயானுக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு வரம்போடு. பயானின் மொத்த நிறையே 135 மெகா எலக்ட்ரான்வோல்ட்தான். அதிலிருந்து பிறக்கும் ஜோடிக்கு அதற்கு மேல் நிறை இருக்க முடியாது. அப்படியானால் 135-க்கு மேல் 300 வரை உள்ள ஜன்னலில் மட்டும் ஜோடிகளை எண்ணு! பயான் தானாகவே விலகிக்கொள்கிறது, மிச்சம் ஈட்டாவின் சிறு பங்கு, அப்புறம் நாம் தேடியது. மெய்நிகர் ஃபோட்டான்கள் அபூர்வம் என்பதால் எண்ணிக்கை குறையும், ஆனால் இரைச்சல் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. இப்படிக் கிடைத்த எண்ணிக்கையை உண்மை ஃபோட்டான் கணக்குக்கு மாற்றி, புரோட்டான்-புரோட்டான் மோதலில் வருவதற்கு மேல் எவ்வளவு மிகை என்று பார்த்து, அந்த மிகையின் சரிவிலிருந்து எடுத்ததுதான் 221. எல்ஹெச்சியின் ஆலிஸ் குழு வேறு வழியில் போனது: கருவியின் உள்பொருளில் ஃபோட்டான் மோதித் தானே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகும் சந்தர்ப்பங்களைப் பிடித்தது. நூறில் எட்டொன்பது ஃபோட்டான்கள்தான் அப்படி மாறும், ஆனால் அவற்றின் தடங்கள் துல்லியம்.

ஆலிஸ் 2012-இல் சொன்ன எண் 304, 2016-இல் இறுதி வடிவில் 297. உடனே 5.5 லட்சம் கோடி டிகிரி, புது உலக சாதனை என்று செய்தி. 304-ஐ 221-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.38. 4 லட்சம் கோடியை 1.38-ஆல் பெருக்கினால் 5.5 லட்சம் கோடி. தலைப்புகள் உருவாகும் விதம் இதுதான் போலிருக்கிறது. 304 நேராகத் தருவதோ 3.5 லட்சம் கோடி கெல்வின்.

அப்படியானால் அளந்த எண் உண்மையான ஆரம்பச் சூட்டைவிடக் குறைவு, அதைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் சரியாகிவிடும், அவ்வளவுதானே? அதுவும் இல்லை. ஒரு விஷயம் எதிர்த்திசையிலும் இழுக்கிறது. தீக்கோளம் வெடித்து விரிகிறது. பின்கட்டத்தில் அதன் திரவம் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் வெளியே பாய்கிறது. நம்மை நோக்கிப் பாயும் பொருளிலிருந்து வரும் ஒளி டாப்ளர் விளைவால் நீலத்தின் பக்கம், அதாவது அதிக ஆற்றலின் பக்கம் நகரும். பாதி ஒளிவேகத்தில் வந்தால் தோற்ற வெப்பநிலை உண்மையைப்போல் 1.7 மடங்கு: உண்மையில் 165 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கும் பொருள் 285 என்று நடிக்கும். ஷென், ஹைன்ஸ், பாக்கே, கேல் ஆகியோர் 2014-இல் திரவ இயக்கவியல் கணக்கில் இதை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஃபோட்டான்களில் பெரும்பாலானவை உண்மையில் 165 முதல் 250 வரை சூடுள்ள பகுதிகளிலிருந்துதான் வந்தன, சரிவில் தெரியும் பெரிய எண்ணுக்குக் கணிசமான காரணம் அந்த ஓட்டம் என்று. ஆகவே 221-ம் 304-ம் வெப்பநிலை என்று அழைக்கத் தகுந்தவையா என்பதே கேள்வி. ஆரம்பச் சூட்டைவிடக் கீழே இருக்கும் ஒரு கலவை, தன் நிஜச் சூட்டைவிட மேலே தெரிகிறது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. இவ்வளவுக்கும் பிறகு திரவ இயக்கவியல் மாதிரிகள் ஆரம்பச் சூடு 300-க்கு மேல்தான் என்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது மாதிரியின் வாக்குமூலம், ஃபோட்டானின் நேரடிச் சாட்சியம் இல்லை.

பீனிக்ஸ் 2012-இல் இன்னொரு குண்டைப் போட்டது. அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதும்போது, ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும். குறுகிய பக்கம் அழுத்தச் சரிவு அதிகம், ஆகவே அந்தப் பக்கம் திரவம் வேகமாகப் பாயும், துகள்களும் அந்தத் திசையில் அதிகமாக வரும். இந்தத் திசைச் சாய்வு உருவாக நேரம் பிடிக்கும். ஓட்டம் வளர வேண்டும் அல்லவா. ஆரம்பத்தில் பிறந்த ஃபோட்டான்களில் அது மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். ஆனால் நேரடி ஃபோட்டான்களின் சாய்வு, கடைசிக் கட்டத்தில் பிறக்கும் பயான்களின் சாய்வுக்குச் சமமாக வந்து நின்றது. எண்ணிக்கை ஏராளம், ஆகவே ஆரம்பச் சூட்டில் பிறந்திருக்க வேண்டும். சாய்வும் ஏராளம், ஆகவே தாமதமாகப் பிறந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரியில் பொருத்த முடியவில்லை. நேரடி ஃபோட்டான் புதிர் என்றே இதற்குப் பெயர் விழுந்தது. ஆரம்பக் காந்தப்புலம், சமநிலைக்கு முந்தைய குளுவான் வெள்ளம், குவார்க்குகள் சேர்ந்து ஹாட்ரான்களாக (பயான், புரோட்டான் போன்றவை) மாறும் எல்லையில் கூடுதல் ஒளிர்வு என்று ஆளுக்கொரு விளக்கம் வந்தது. போதாக்குறைக்கு, அதே ரிக்கில் அதே வகை மோதல்களை அளந்த ஸ்டார் குழுவுக்கு ஃபோட்டான் எண்ணிக்கை பீனிக்ஸைவிடக் குறைவாக வந்தது. எல்ஹெச்சியில் ஆலிஸ் அளவீடுகளின் பிழைப்பட்டைக்குள் மாதிரிகள் ஒருவாறு அடங்கிவிடுகின்றன. அளவீடுகளே ஒத்துப்போகாத இடத்தில் கோட்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். புதிர் கொஞ்சம் இளைத்திருக்கிறது, ஆனால் தீரவில்லை.

நீலப்பெயர்ச்சிச் சிக்கலிலிருந்து தப்பிக்க ஒரு நேர்வழி உண்டு: லெப்டான் ஜோடிகளின் நிறையைப் பார்ப்பது. ஃபோட்டானின் ஆற்றல், அதை உமிழ்ந்த பொருள் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியோ மியூவான் ஜோடியோ சேர்ந்து கொண்டிருக்கும் மாறா நிறை, யார் எந்த வேகத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றே. திரவம் எவ்வளவு பாய்ந்தாலும் அது அசையாது. நிறைப் பரவலின் சரிவு கலப்படமில்லாத வெப்பநிலையைத் தருகிறது. காலச் சராசரிப் பிரச்சினை இன்னும் இருக்கும்தான், ஆனால் அதிக நிறை ஜோடிகள் ஆரம்பத்தில்தான் பிறக்க முடியும் என்பதால் அதையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம்.

செர்னின் பழைய முடுக்கியான எஸ்பிஎஸ்ஸில் இண்டியம் அணுக்கருக்களை மோதவிட்டு மியூவான் ஜோடிகளை அளந்த என்ஏ60 குழு இதை அற்புதமாகச் செய்தது. 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (ஆயிரம் மெகா) மேற்பட்ட நிறையில் அவர்களுக்குக் கிடைத்த வெப்பநிலை 205, கூடக்குறைய 12. அதாவது 156 என்ற எல்லைக்குத் தெளிவாக மேலே. மாதிரி எதுவும் நடுவில் புகாமல், பிளாஸ்மா கட்டத்தில் பிறந்த ஒளி என்று சொல்லக்கூடிய எண். ஜோடிகளின் குறுக்கு உந்தத்தையும் (மோதும் திசைக்குக் குறுக்கான உந்தம்) தனியாகப் பார்த்தார்கள்: 1 ஜிகா வரை நிறை கூடக்கூட ஓட்டத்தின் பாதிப்பும் கூடியது, அதைத் தாண்டியதும் சட்டென்று விழுந்தது. கனமான ஜோடிகள் ஓட்டம் வளர்வதற்கு முன்பே பிறந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது கடினம். கின்னஸ் தலைப்பு எதுவும் இந்த 205-க்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஹேடஸ் குழு மிகக் குறைந்த ஆற்றலில் தங்கத்தை மோதவிட்டு இதே முறையில் 2019-இல் வெளியிட்ட எண் சுமார் 72 மெகா எலக்ட்ரான்வோல்ட். பிளாஸ்மா எல்லைக்கு வெகு கீழே, ஆனால் அடர்த்தி மிக அதிகம். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போது உண்டாகும் பொருளுக்கு நெருக்கமான நிலை. 2025-இல் ரிக்கின் ஸ்டார் குழு, ஒரே தரவில் இரண்டு நிறை ஜன்னல்களைத் தனித்தனியாகப் பார்த்து இரண்டு வெப்பநிலைகளை வெளியிட்டது: குறைந்த நிறையில் 2 லட்சம் கோடி கெல்வின் அளவு, அதாவது ஹாட்ரான்களாக மாறும் எல்லைக்குப் பக்கத்தில், அதிக நிறையில் 3 லட்சம் கோடிக்குச் சற்று மேல், பிளாஸ்மா நிலைக்குள். பிந்தைய எண்ணின் பிழைப்பட்டை பெரிது, ஆனால் ஒரே தீக்கோளத்தின் இரண்டு வயதுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது என்ற யோசனை அதில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

எல்ஹெச்சியில் இதைச் செய்வதற்கு முட்டுக்கட்டையாக நிற்பது குவார்க்குகளில் கனமான ஒரு வகையான சார்ம் குவார்க். அங்கே ஆற்றல் அதிகம் என்பதால் சார்மும் எதிர்ச்சார்மும் ஜோடி ஜோடியாக உண்டாகி, டி மீசான்கள் என்ற துகள்களாக மாறி, அவை சிதையும்போது விடும் எலக்ட்ரானும் பாசிட்ரானும் நாம் தேடும் அதே நிறை ஜன்னலில் வந்து குவிகின்றன. வெப்பக் கதிர்வீச்சு அதன் அடியில் புதைந்துவிடுகிறது. டி மீசான் சிதைவதற்கு முன் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவு தூரம் நகர்ந்துவிடும் என்பதுதான் ஒரே பிடி. தடங்கள் மோதல் புள்ளியிலிருந்தே தொடங்குகின்றனவா, சற்றுத் தள்ளித் தொடங்குகின்றனவா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். என்ஏ60 இதே வழியில்தான் சார்மைப் பிரித்து ஒதுக்கியது. ஆலிஸ் குழு தன் உள்தடக் கருவியை மெல்லிய சிலிக்கான் படலங்களால் மறுபடி கட்டிக்கொண்டதற்கும், அடுத்த தலைமுறைக்கு ஆலிஸ் 3 என்று ஒன்றைத் திட்டமிடுவதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பிரிப்பு கைகூடினால், எல்ஹெச்சி தீக்கோளத்துக்கும் ஓட்டத்தால் வீங்காத ஒரு வெப்பநிலையைச் சொல்ல முடியும். அது அநேகமாக 5.5 லட்சம் கோடியைவிடச் சிறிய எண்ணாகத்தான் இருக்கும்.